பேர் வெட்டின புராசசர்

ஆயிஷா பீவி வீட்டிலிருந்து ஒரு கரண்டி வெளியே போனாலும் அதில் அவள் பேர் இருக்கும். கரண்டி என்ன, வடிதட்டு, ஜக்கு, தாம்பாளம், ஊருக்கே நெய்ச்சோறு ஆக்குகிற தேக்சா வரைக்கும் எல்லாவற்றிலும் 'ஆ.பீ.' என்று வெட்டி, பக்கத்தில் கடுகளவு ஒரு பிறையும் போட்டிருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் பக்கம் கல்யாணமோ சடங்கோ அன்னதானமோ எதுவென்றாலும் வாடகைப் பாத்திரம் பாதி அவள் வீட்டிலிருந்துதான் போகும். மீதிப் பாதி அடுத்த தெரு பாலம்மாள் வீட்டிலிருந்து போகும். அந்தப் பேரை மட்டும் ஆயிஷா பீவி முன்னால் எடுத்துவிடக் கூடாது.

"எந் தேக்சாவத் தூக்கிட்டுப் போனவ அவ. ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு பேரு பாத்திரமும் போச்சு. திரும்பி வரும்போது என்னுதுல ஒண்ணு கொறையுது. காக்காயா தூக்கிட்டுப் போச்சு?" என்று யார் கிடைத்தாலும் ஆரம்பித்துவிடுவாள்.

பாலம்மாளிடம் போய்க் கேட்டால் அதே கதையைச் சொல்லுவாள். காணாமல் போன தேக்சா மட்டும் அவளுடையதாக இருக்கும். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொழில் பண்ணினார்கள். அந்தக் கல்யாணத்தோடு பேச்சு நின்றுபோனது. வழியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி இந்த ஓரமாகவும் மற்றவள் அந்த ஓரமாகவும் போவார்கள். நடுவில் சைக்கிள்காரன் மாட்டிக்கொண்டு முழிப்பான்.

சந்தேகப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். ஆயிஷா பீவிக்கு அது ஏராளமாக இருந்தது. பால்காரர் ஊற்றும்போது சொம்புக்குள்ளேயே எட்டிப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யாராவது ஆசையாகப் பால்கோவா வாங்கிவந்து கொடுத்தால், நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்து, "சீனியக் கூட்டிட்டான் களவாணிப்பய" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டும் விடுவாள்.

அப்படிப்பட்ட மாமியாருக்கு மருமகளாக வந்தவள் ரமீஜா. அவள் புருஷன் ஷமீர் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான். வந்த புதிதில் ரமீஜாவுக்கு வேலை தேக்சா விளக்குவது. கல்யாண வீட்டிலிருந்து அடிப்பிடித்து வரும் தேக்சாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். வெளியே வரும்போது முகமெல்லாம் கரி. அவள் டிசைனிங் படித்தவள். செட்டியார்பட்டியில் நைட்டிக் கம்பெனி வைத்திருக்கும் ஷெரின் அவளோடு படித்தவள். நைட்டியின் கழுத்தில் போடுகிற எம்பிராய்டரிப் பூவைக் கம்ப்யூட்டரில் வரைந்து, நூல் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால், ஷெரின் வீட்டு மிஷின் அதைப் பார்த்துத் தைத்துக்கொள்ளும். அந்த வேலையைத்தான் ஷெரின் இவளுக்குக் கொடுத்தாள்.

மாமியாரிடம் சம்மதம் வாங்குவதற்குள் ரமீஜாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஷமீர், கம்பெனியிலேயே முழுசாகப் பூட்டி வந்த ஒரு கம்ப்யூட்டர் செட்டை வாங்கிக் கொடுத்தான். பாத்திர அறையில் தேக்சாக்களை ஒதுக்கி மூலையில் இடம் விட்டாள் ஆயிஷா பீவி. "இது சம்பாதிக்கிற வரைக்கும் இங்கன இருக்கட்டும். சம்பாதிக்கலேன்னு வையி, எந் தேக்சா அதே எடத்துக்கு வந்துரும். நீயும் நாரை எடுத்துக்க" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

புரட்டாசி மாதம், தீபாவளிக்கு நைட்டி ஓடுகிற நேரம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பாகவே நிற்கிறது. ரமீஜா உடனே ஷெரினுக்கு ஃபோன் பண்ணினாள்.

"ஏட்டி, உங்கஷ்டம் எனக்குப் புரியாமலா இருக்கு? வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். டிசைன் வரலேன்னா கோவில்பட்டி ஆளுக்குக் குடுத்துருவேன். பொறவு அவன் விடமாட்டான், பாத்துக்க" என்றாள் ஷெரின்.

கம்ப்யூட்டர்க் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து சர்வீஸ் ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தான். வினோத் என்று பேர். பைக்கில் வந்து இறங்கினான். வெயில் ஒரு பக்கம் கொளுத்த, சஞ்சீவி மலைக்கு மேலே மேகம் கூடிக்கூடிக் கலைந்துகொண்டிருந்தது. இரண்டு பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கடைக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும்மா" என்றான்.

"என்னத்தக் கொண்டுபோய்ப் பாக்கப் போற? இங்கன வச்சே பாரு" என்றாள் ஆயிஷா பீவி.

"கடைல சாமான் இருக்கும்மா."

"சாமான இங்க கொண்டா. தம்பி, தப்பா நெனைக்காத. ஒரு தடவ மிக்சியக் குடுத்தேன். உள்ள இருந்த செம்புக் கம்பிய உருவிட்டு அலுமினியத்தச் சுத்திக் குடுத்துட்டான் ஒருத்தன். அந்த மிக்சி இன்னைக்கும் தேங்காச்சில்லு அரைக்க மூச்சு வாங்குது."

வினோத் ரமீஜாவைப் பார்த்தான். ரமீஜா தரையைப் பார்த்தாள். மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்தான். நல்ல பிள்ளை, வேறொருத்தனாக இருந்தால் அப்படியே போயிருப்பான்.

தேக்சாக்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். ஆயிஷா பீவி எதிரிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் அதை வாங்கி, அரிசி புடைக்கிற சொளகில் போட்டாள்.

"பாத்தீங்களா, ஃபேனுக்குள்ள பூராத் தேங்கா நாரு" என்று விரலால் சுருட்டி எடுத்துக் காட்டினான் வினோத். "இதுல சூடேறிப் போயிருக்கணும். இல்லாட்டி கம்பெனிக் கோளாறா இருக்கும். இருங்க, பாப்போம்."

ஃபேனைக் கழற்றி, அதற்கடியில் வெள்ளைப் பசை அப்பியிருந்த ஒரு சின்னச் சதுரத் தகட்டைப் பூப்போல எடுத்தான். "இதுதாம்மா புராசசர். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி." பசையைத் துடைத்து, மேலே பொடிப்பொடியாக அச்சடித்திருந்த எழுத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான். தான் கொண்டுவந்த வேறு ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பூட்டிச் சுவிட்சைப் போட்டான். திரையில் வெளிச்சம் வந்தது. ரமீஜாவின் மல்லிகைக் கொடி டிசைன் அப்படியே எழுந்து நின்றது.

"யா அல்லா!" என்றாள் ரமீஜா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப புராசசர்தான் போயிருக்கு. வாரண்டி இருக்கு, கவலப்படாதீங்க. மதுரைக்கு அனுப்புனா பழச வாங்கிக்கிட்டுப் புதுசு குடுத்துருவாவ" என்று சொல்லிக்கொண்டே வினோத் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தான்.

"ஓடுதுல்லா? அதையே விட்டுட்டுப் போ" என்றாள் ஆயிஷா பீவி.

"இது கடைல செக் பண்ண வச்சிருக்கதும்மா. இத விட்டுட்டா மத்தவங்க சிஸ்டத்த எத வச்சுப் பாப்பேன்? பழசக் குடுங்க, நாளைக்கே அனுப்பிருதேன்."

அந்த இடத்தில்தான் ஆயிஷா பீவிக்குப் பொறி தட்டியது. ஓடுகிறதைக் காட்டினான், கழற்றிக்கொண்டான். ஓடாததையும் கேட்கிறான். வெள்ளியாகப் பளபளக்கிற சாமான் வேறு. "பழசு இங்கன இருக்கட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்க" என்றாள். வினோத் பெருமூச்சு விட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, "அடியில மட்டும் கை வச்சுராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடியில் கை வைக்கக் கூடாது என்றுதான் சொன்னான். மேலே?

மறுநாள் காலையில் ரமீஜா குளிக்கப் போன நேரத்தில், ஆயிஷா பீவி டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு பஞ்சு மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடைக்குப் போனாள். வாசலில் பேர் வெட்டுகிற கருத்தையா அப்போதுதான் மிஷினைப் பிளக்கில் சொருகிக்கொண்டிருந்தார். அவள் பாத்திரம் அத்தனையிலும் பேர் வெட்டிய கை அது.

"என்னக்கா இது, தாயத்துத் தகடா?"

"எதாயிருந்தா ஒனக்கென்ன? பேரை வெட்டு."

"ஏற்கனவே என்னமோ எழுதியிருக்கே."

"அத ராவிட்டு வெட்டு. ஒரு சாமான்ல ரெண்டு எழுத்து இருந்தாப் பொறவு வழக்குத்தான்."

கருத்தையா அரத்தை எடுத்துக் கம்பெனி எழுத்தை ஒட்ட ராவினார். மிஷின் வண்டு மாதிரி இரைந்தது. 'ஆ.பீ.' என்று வெட்டி, கேட்காமலே பிறையும் போட்டார். ஆயிஷா பீவி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். கம்பெனிக்காரன் எழுத்தைவிட இது எடுப்பாகத்தான் இருந்தது. இனி அவன் எவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சொருகினாலும் பிடித்துவிடலாம். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தவள், டப்பாவை வெள்ளைத் துணியில் வைத்து நாலு பக்கமும் சாக்கு ஊசியால் நெருக்கத் தைத்துவிட்டாள்.

வினோத் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, பொணத்தத் துணியில சுத்தித் தைக்க மாதிரி தைச்சு வச்சிருக்கீக?" என்றான்.

"வாயக் கழுவு. மதுரக்காரந்தான் இதப் பிரிக்கணும். நீ நடுவுல பிரிச்சேன்னா தையலு சொல்லிரும்."

"நான் பாத்து அனுப்புனேன்னு கையெழுத்துப் போடணும்மா."

"நேத்தே பாத்தேல்லா? போடு."

அவனுக்கும் எரிச்சல். அன்றைக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டியிருந்தது. நேற்றுப் பார்த்தது இன்றைக்கு மாறவா போகிறது என்று தையலைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அவன் சந்தேகப்படவில்லை.

அடுத்து வந்த நாட்களை ரமீஜா எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கருப்புத் திரைக்கு முன்னால் போய் உட்காருவாள், எழுந்து வருவாள். ஆயிஷா பீவி ஒரு தேக்சாவை உருட்டிக்கொண்டுவந்து மூலைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கூடவே நாரையும் வைத்துவிட்டுப் போனாள். அது ஒரு கல்யாணத்திலிருந்து வந்த பெரிய தேக்சா. ரமீஜா நாரை எடுத்து விளக்கினாள். 'ஆ.பீ.'க்கு அடியில் விரல் எப்போதும் போல ஒரு சொரசொரப்பில் தட்டியது. வந்த புதிதில் ஒருதரம் கேட்டிருக்கிறாள். "கருத்தையா கை நடுங்கி வெட்டுனது" என்று மாமியார் சொன்னாள். அதற்குமேல் கேட்கிற வீடா அது?

வியாழக்கிழமை வினோத் ஃபோன் பண்ணினான். குரலே சரியில்லை. "அக்கா, உங்க சாமான் திரும்பி வந்திருச்சு. மேல இருந்த நம்பரை எவனோ ராவியிருக்கானாம். நல்லத நான் எடுத்துக்கிட்டுத் திருட்டுச் சாமான அனுப்பிட்டேங்காவ. நான் எடுத்த ஃபோட்டோவ அனுப்பினா, 'இந்த நம்பர் சாமான் எங்க, அதக் கொண்டா'ங்காவ. என் சர்வீஸையே நிறுத்திருவாவ போல. கொஞ்சம் கடைக்கு வாங்க."

ரமீஜா அப்படியே மாமியாரிடம் சொன்னாள். ஆயிஷா பீவி எழுந்து நின்றுவிட்டாள். "நாஞ் சொன்னேன்லா! மாத்திட்டான் பாத்தியா! பொறப்படுட்டி. எங்கிட்ட ஒரு அடையாளம் இருக்கு. அது இருந்தா அது என்னுது. இல்லாட்டி அவன் கள்ளன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நம்பர் என்று அவர்கள் சொன்னதற்கும் கருத்தையா ராவிய எழுத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சட்டியில் கம்பெனிக்காரன் ஒட்டுகிற சீட்டு மாதிரி என்றுதான் நினைத்திருந்தாள். ரமீஜாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது ஒன்றுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வினோத் கடை கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. முகம் கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தான். டப்பாவை மேஜையில் தள்ளினான்.

ஆயிஷா பீவி திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இந்தா இருக்குல்லா! ஆ.பீ.! பிறை! என்னுதேதான். ஏந் தம்பி, நீ மாத்தல. ஒன்னய நான் தப்பா நெனச்சிட்டேன்."

வினோத் எழுந்தே விட்டான். "இத... நீங்களா வெட்டுனீக?"

"நாந்தேன். ஏன், நல்லாருக்குல்லா?"

ரமீஜா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "மாமி! என்ன மாமி பண்ணி வச்சிருக்கீக!"

வினோத் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "ராவுனீகளே, அதுலதாம்மா நம்பர் இருந்துச்சு. அந்த நம்பர் இருந்தாத்தான் வாரண்டி. இனிமே அது வராது. அது போகட்டும். நேத்துல இருந்து என்னயத் திருடன்ங்காவ. மதுரை மேனேஜருக்கு ஃபோன் போடுதேன். நாந்தான் ராவுனேன்னு நீங்க சொல்லணும். சொன்னாத்தான் நான் அடுத்து இந்த சிஸ்டத்துல கை வைப்பேன்."

மேனேஜர் தனுஷ்கோடி என்பவர் ஃபோனில் வந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான் வினோத். ஆயிஷா பீவி, "எம்பேரு வெட்டுனது நாந்தேன்" என்றாள் சுருக்கமாக.

"பேரு வெட்டுனது சரிம்மா. முன்னால இருந்ததை ராவுனது யாரு?"

ஆயிஷா பீவி டப்பாவை மூடி, மறுபடி திறந்தாள்.

"ஏன் கேக்கேன்னா, எங்க அனுபவத்துல அடுத்தவன் சாமான எடுத்தவன்தாம்மா இருக்கிற எழுத்த ராவிட்டுத் தன் எழுத்தப் போடுவான். சொந்தக்காரன் எதுக்கு ராவப் போறான்? அதனாலதான் இந்தப் பையனப் பிடிச்சோம்."

ஆயிஷா பீவியின் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டை விரல் டப்பாவுக்குள் இருந்த 'ஆ.பீ.'யைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ரமீஜா மாமியாரின் கையைப் பார்த்தாள். அந்தச் சொரசொரப்பு அவள் விரல் நுனியில் ஏறி நின்றது. அந்தப் பெரிய தேக்சாவில் 'ஆ.பீ.'க்கு அடியில் பாலம்மாளின் 'பா' இருந்ததோ? கருத்தையா கை எந்தக் காலத்தில் நடுங்கியது?

"மாமி" என்றாள் மெதுவாக. "சொல்லுங்க மாமி."

"நாந்தேன்" என்றாள் ஆயிஷா பீவி. அது அவள் குரல் மாதிரியே இல்லை. "ராவச் சொன்னது நாந்தேன். அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. அவன விட்டுருங்க."

மதுரையில் என்ன நினைத்தார்களோ, வினோத் பேரில் இருந்த புகாரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். புதுசு கிடையாது என்றும் சொன்னார்கள். ஃபோனை வைத்துவிட்டு வினோத் அலமாரியைத் திறந்தான். அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்த அதே புராசசரை எடுத்தான்.

"நீங்க ஒண்ணு வாங்குத வரைக்கும் இது ஓடட்டும்" என்றான்.

ஆயிஷா பீவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கள நம்பியா குடுக்க?"

"நம்பியெல்லாம் குடுக்கலம்மா. நைட்டிக் கம்பெனி ஷெரின் அக்கா என் நம்பர வாங்கிக் காலைல இருந்து ஃபோன் போட்டுக் கிழிக்கிறாவ. இந்தா, உங்க முன்னாலயே பண்ணுதேன்." மார்க்கர் பேனாவால் அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டான். "திரும்பி வரும்போது இந்தப் புள்ளி இருக்கணும், பாத்துக்கோங்க."

வழக்கமாக இதற்கு ஒரு மூச்சு சண்டை போட்டிருக்க வேண்டியவள், சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வினோத் பின்னாலேயே பைக்கில் வந்து பூட்டிக் கொடுக்க, அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் ஓடியது. ரமீஜா டிசைனை அனுப்பினாள். ஷெரின் வாங்கிக்கொண்டு, "இனிமே அந்த ரூமுல நார் வாசனையே வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். ரமீஜா சிரித்துக்கொண்டே திரும்பினால், மாமியார் அந்தப் பெரிய தேக்சாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டை விரலால் பேரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கம் பிடிட்டி" என்றாள்.

"எங்க மாமி கொண்டுபோறோம்?"

"பிடிங்கேன்ல."

இரண்டு பேரும் தேக்சாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தெருவில் நடந்தார்கள். சஞ்சீவி மலையிலிருந்து ஈரக்காற்று வந்தது. அடுத்த தெருவுக்குள் திரும்பியதும், பார்த்தவர்கள் எல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். பாலம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆயிஷா பீவி தேக்சாவை அவள் முன்னால் இறக்கி வைத்தாள்.

"இது ஒன்னுது" என்றாள்.

பாலம்மாள் சொளகைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். தேக்சாவைப் பார்த்தாள், ஆயிஷா பீவியைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற ரமீஜாவைப் பார்த்தாள். தேக்சாவைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். நிமிர்த்தி, வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே கண்ணை விட்டுத் தேடினாள்.

"இம்புட்டு நாளும் இல்லாம இன்னைக்கு எதுக்குக் கொண்டாந்திருக்க?" என்றாள். "ஓட்ட விழுந்திருச்சா?"

ஆயிஷா பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. பாலம்மாள் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் முதலில் ஓட்டையைத்தான் தேடியிருப்பாள்.

"தண்ணி ஊத்திப் பாரு" என்றாள்.

பாலம்மாள் உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து ஊற்றினாள். இன்னொரு குடம் ஊற்றினாள். இரண்டு பெண்களும் தேக்சாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாகக் குனிந்து, அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.